'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா? ஓர் ஆங்கில வினைச்சொல்லும் மலையகத் தமிழும்

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தை சூடுபிடிக்கும் நாட்களில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டினால், 'டேக்' என்ற வினைச்சொல் ஒரே பக்கத்தில் நாலைந்து வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். பேச்சுவார்த்தை 'டேக் ப்ளேஸ்' ஆகும். கம்பனிகள் விவகாரத்தை 'டேக் டு கோர்ட்' செய்யும். தொழிற்சங்கங்கள் 'டேக் டு த ஸ்ட்ரீட்ஸ்' செய்யும். 'டேக் ஹோம்' சம்பளம் இவ்வளவு என்று யாரோ ஒருவர் கணக்குச் சொல்வார். 'டேக்' என்றால் 'எடு' என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு இதில் எதுவுமே பிடிபடாது. நீதிமன்றத்துக்கு எதை எடுத்தார்கள், வீதிக்கு எதை எடுத்தார்கள் என்றுதான் யோசிக்கத் தோன்றும்.

அகராதியைத் திறந்தால் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருப்பார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் முக்கால்வாசி தன்னால் விளங்கும். மீதிக் கால்வாசியில் நம்மைத் தடுக்கி விழ வைப்பது 'டேக்' அல்ல, நமக்கு நன்றாகப் பழகிய 'எடு'.

சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் பொருள் குவிந்து கிடப்பவை பெரிய பெரிய சொற்கள் அல்ல. செட், ரன், புட், கெட், டேக் போன்ற ஓரசைச் சொற்கள்தாம். 1989-இல் வந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430-க்கு மேல் பொருள்கள் இருந்தன. பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. 'டேக்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சொல்தான்.

இது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சொல் 'நிமன்'. ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் 'நேமென்' அதன் உறவு. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டிநேவியர்களின் 'டாகா' என்ற சொல் மெல்ல மெல்ல உள்ளே வந்து 'நிமன்' இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 'நிமன்' போனாலும் அதன் எச்சம் ஒன்று மிஞ்சியிருக்கிறது: மரத்துப்போனதைச் சொல்லும் 'நம்' (numb) என்ற ஆங்கிலச் சொல். 'பிடிபட்டது' என்பதுதான் அதன் அடிப்பொருள். மார்கழிக் குளிரில் விடியக்காலையிலேயே மலைக்குப் போய்க் கொழுந்தில் கைவைப்பவர்களின் விரல்களுக்கு ரொம்பப் பொருத்தமான சொல்.

'டாகா'வின் விதைப்பொருள் தொடுவது, கையால் பற்றுவது. அதிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்தன.

1. பற்றி, வேறு இடத்துக்குக் கொண்டு போவது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு, வழக்கை நீதிமன்றத்துக்கு. இங்கிருந்து அங்கே போவது 'டேக்', அங்கிருந்து இங்கே வருவது 'ப்ரிங்'. எடுத்துட்டுப் போ, எடுத்துட்டு வா என்று தமிழ் இதைத் துல்லியமாகப் பிரிப்பதால் நமக்கு இதில் சிரமம் இல்லை.

2. உள்ளே வாங்குவது, ஏற்றுக்கொள்வது. மருந்து, புத்திமதி, பழி, அவமானம் எல்லாம் இந்தக் கிளையில் வரும்.

3. கேட்டு வாங்குவது, அதாவது தேவைப்படுவது. நேரம், உழைப்பு, பொறுமை.

வீதி விஷயம் முதல் கிளையிலிருந்து சற்று விலகியது. 'டேக் டு' என்றால் ஒன்றை நாடிப் போவது. போராட்டக்காரர் வீதிக்கு இறங்குவதற்கும் அதுதான், ஒருவர் புதிதாகக் குடிப்பழக்கத்துக்கு ஆளாவதற்கும் அதுதான்.

பாரத்தைப் பக்கத்துச் சொல்லிடம் தள்ளிவிடும் வினை

'டேக் எ வோக்', 'டேக் எ லுக்', 'டேக் எ ரெஸ்ட்'. நடப்பதிலும் பார்ப்பதிலும் ஓய்வதிலும் எடுக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இங்கே பொருள் முழுவதும் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லிடம் இருக்கிறது. 'டேக்' செய்வதெல்லாம் காலம் காட்டுவது மட்டும்தான். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் இப்படிப்பட்ட வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்தார். தமிழில் இலகு வினை என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. சத்தம் போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, குளிரடிக்குது, போரடிக்குது. தோட்டத்தில் 'அரைப்பேர் போட்டுட்டாங்க' என்றால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான் செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) விழுந்திருக்கிறது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் 'போடு' என்பதற்கு அகராதியைப் பார்த்து, பாதிப் பெயரை எங்கே போட்டார்கள் என்று தேடினால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆங்கிலச் செய்தியில் நாம் படும் பாடும் அதேதான்.

ஆகவே 'டேக்'கைத் தனியாகப் படிக்கக்கூடாது. பக்கத்துச் சொல்லோடு சேர்த்து ஜோடியாகப் படிக்க வேண்டும். எந்தப் பெயர்ச்சொல் 'டேக்'கோடு போகும், எது 'மேக்'கோடு போகும், எது 'டூ'வோடு போகும் என்பதற்கு நியாயம் கேட்டுப் பயனில்லை. போட்டோ 'டேக்', தவறு 'மேக்', வீட்டுப்பாடம் 'டூ'. முடிவுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் 'டேக்'கும் போடுவார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'மேக்' போடுவார்கள். இரண்டும் சரி.

'எடு' காட்டும் குறுக்குவழி

போட்டோ எடு, லீவு எடு, முடிவு எடு, ஓய்வு எடு. இவை நாலும் 'டேக்'கோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. இதனால் ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது: தமிழில் 'எடு' வந்தால் ஆங்கிலத்தில் 'டேக்' போட்டுவிடலாம் என்று. அங்கேதான் சறுக்கல்.

1. துணி எடுப்பது. தீபாவளிக்கு முந்தின சம்பளம் கைக்கு வந்ததும் ஹட்டனுக்குத் துணி எடுக்கப் போவோம். அதை 'டேக் க்ளோத்ஸ்' என்று சொன்னால், காசு கொடுத்தோமா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வரும். அங்கே வேண்டியது வாங்குவதைச் சொல்லும் 'பை' (buy).

2. மார்க் எடுப்பது 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. பசி எடுப்பதற்கும் வாந்தி எடுப்பதற்கும் 'டேக்' கிட்டவே வராது.

3. பஸ் எடுப்பது. 'பஸ்ஸை எடுத்துட்டாங்க' என்றால் பஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். 'தே டுக் த பஸ்' என்றால் அவர்கள் பஸ்ஸில் போனார்கள். ஆங்கிலத்தில் இதுவும் சரியான வாக்கியம்தான் என்பதால் கேட்பவருக்குப் பிழை தெரியாது. திருத்தவும் ஆள் இருக்காது.

4. கிளாஸ் எடுப்பது. தமிழில் கிளாஸ் எடுப்பவர் டீச்சர். ஆங்கிலத்தில் 'டேக் எ கிளாஸ்' என்று பெரும்பாலும் சொல்வது படிக்கும் பிள்ளை. டீச்சர் பாடம் நடத்துவதற்கும் பிரிட்டிஷ் வழக்கில் அதைச் சொல்வதுண்டு, ஆனால் நேர்முகத் தேர்வில் அதை நம்பி இருக்க முடியாது. 'ஐ டேக் இங்கிலீஷ் கிளாசஸ்' என்று ஓர் ஆசிரியை சொன்னால், இவர் இன்னும் ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்ளலாம். 'டீச்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

5. கோல் எடுப்பது. இது இலங்கைக்கே உரிய சிக்கல், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. 'நாளைக்கு கோல் எடுக்கிறேன்' என்றால் நம் வழக்கில் நானே அழைப்பேன் என்று பொருள். சிங்களத்திலும் இதே அமைப்புதான், அங்கே 'கன்னவா'. இரண்டு மொழியும் சேர்ந்து இலங்கை ஆங்கிலத்திலும் 'டேக் எ கோல்' என்றால் அழைப்பது என்று ஆக்கிவைத்திருக்கின்றன. வெளிநாட்டுக்காரருக்கோ 'டேக் எ கோல்' என்பது வந்த அழைப்புக்குப் பதில் பேசுவது, அதாவது நேர் எதிர்த்திசை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இருப்பவர் விருந்தினரிடம் 'ஐ வில் டேக் எ கோல் டுமோரோ' என்றால், அழைக்க வேண்டியது தான்தான் என்று விருந்தினர் நினைக்க இடமுண்டு. யார் அழைப்பது என்பதில் குழப்பம்தான் மிஞ்சும். உள்ளூரில் பேசும்போது இதைப் பிழை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எல்லோருக்கும் விளங்குகிற வழக்கு அது. வெளியாளிடம் பேசும்போது மட்டும் 'ஐ வில் கோல் யூ' போதும்.

கொழுந்து எடுப்பவரும் தேத்தண்ணி 'டேக்' பண்ணுபவரும்

கொழுந்து எடுப்பது நம் ஊர் வேலை. ஆங்கிலத்தில் அதற்கு 'ப்ளக்'. மாறாக 'டேக் டீ' என்றால் தேத்தண்ணி குடிப்பது. 'மை மதர் டேக்ஸ் டீ' என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதினால், மலையேறி முதுகில் கூடையோடு நிற்கும் அம்மா, வெள்ளைக்கார வீட்டு வரவேற்பறையில் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார்.

பழைய துரை (தோட்ட மனேஜர்) பங்களாக்கள் பல இப்போது விடுதிகளாகிவிட்டன. அங்கே வேலைக்குப் போகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய கேள்வி 'ஹவ் டு யூ டேக் யுவர் டீ?' பாலா, பிளேன்டீயா, சீனி எவ்வளவு என்று ஒரே மூச்சில் கேட்கிற கேள்வி அது. 'டூ யூ டேக் ஷுகர்?' என்பதற்கும் 'வுட் யூ லைக் ஷுகர்?' என்பதற்கும் நூலிழை வித்தியாசம் உண்டு. முன்னது வழக்கமாகச் சீனி போட்டுக் குடிப்பவரா என்று கேட்கிறது. பின்னது இப்போது சீனி வேண்டுமா என்று நீட்டுகிறது.

மாத்திரை உறையில் 'டேக் டூ' என்று இருந்தாலும் இந்த இரண்டாம் கிளைதான்: இரண்டு விழுங்கு.

இதே கிளையில் செயப்படுபொருளே இல்லாத ஒரு 'டேக்' இருக்கிறது. தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) வி.பி. எனப்படும் வெட்டுத்தண்டுகளை நட்டுவிட்டுச் சில வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். 'த கட்டிங்ஸ் ஹேவ் டேக்கன்' என்றால் தண்டுகள் வேர் பிடித்துவிட்டன. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கில வெளியீடுகளைப் படிக்கிற விவசாய மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எதை எடுத்தன என்று தேடினால் வாக்கியத்தில் விடை கிடைக்காது. தமிழில் இதற்கு நாம் போடுவது 'பிடி' என்பதைக் கவனியுங்கள். 'டாகா'வின் விதைப்பொருளும் அதுதானே.

நேரமும் இருக்கையும்

மலையக ரயில்பாதை 1924-இல் பதுளையைத் தொட்டது. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை போய்ச்சேரப் பத்து மணித்தியாலம் அளவில் ஆகும். தமிழில் 'ஆகும்' அல்லது 'பிடிக்கும்' என்று சொன்னால் போதும், எழுவாய் தேவையில்லை. ஆங்கிலம் அப்படி விடாது, ஓர் 'இட்'டைக் கட்டாயம் முன்னால் நிறுத்தும்: 'இட் டேக்ஸ் டென் அவர்ஸ்'. யாருக்கு ஆகிறது என்று சொல்ல வேண்டுமானால் ஆள் நடுவில் வருவார்: 'இட் டேக்ஸ் மீ'. 'ஐ டேக் டென் அவர்ஸ்' என்று ஆரம்பித்தால், பாதை நீளம் என்பது போய் நான்தான் மந்தம் என்று ஆகிவிடும்.

'டேக் யுவர் டைம்' என்று சுற்றுலாப் பயணி சொன்னால் கோபமில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள் என்கிறார். அதையே இறந்தகாலத்தில் 'யூ டுக் யுவர் டைம்' என்றால் இவ்வளவு நேரமா என்று குத்துகிறார். காலம் மாறியதும் அன்பு ஏச்சாகிவிட்டது.

'டேக்கன்' என்ற வடிவம் ரயிலில் ஒரு சின்ன விபரீதம் செய்யும். நானுஓயாவில் கூட்டம் ஏறும்போது ஒரு வெளிநாட்டுப் பெண் காலி இருக்கையைக் காட்டி 'இஸ் திஸ் சீட் டேக்கன்?' என்று கேட்கிறார். உட்காரலாமா என்று கேட்கிறார்போல என்று நினைத்து நம் ஆள் பெரிய மனதோடு 'யெஸ், யெஸ்' என்கிறார். அவர் நன்றி சொல்லிவிட்டு நின்றுகொண்டே போகிறார். கேள்வியின் பொருள் 'ஆள் இருக்கா?' என்பது. இடம் கொடுக்க நினைப்பவர் சொல்ல வேண்டியது 'நோ'.

இரண்டு 'ப்ளேஸ்', இரண்டு விஷயம்

'டேக் ப்ளேஸ்' என்றால் நடப்பது. 'டேக் த ப்ளேஸ் ஆஃப்' என்றால் இன்னொன்றின் இடத்துக்கு வருவது. நடுவில் இருக்கும் குட்டி 'த' எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மலையக வரலாறு படிப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து சந்திப்பார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. கடைசியாகச் சொன்னதுதான் 'டீ டுக் த ப்ளேஸ் ஆஃப் கோஃபி'. அந்த மாற்றம் நடந்த காலத்தைச் சொல்லும்போது மட்டும் 'டுக் ப்ளேஸ்'. 'டீ டுக் ப்ளேஸ்' என்று எழுதினால் தேயிலை நடந்தது என்றாகிவிடும்.

ஒரு பக்கக் குறிப்பு: இலங்கைச் செய்தித்தமிழில் 'விபத்து இடம்பெற்றுள்ளது' என்று வருவது 'டேக் ப்ளேஸ்' என்பதன் அச்சாகவே தெரிகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு 'இடம்பெறு' என்றால் பட்டியலில் சேர்வது. விபத்து எந்தப் பட்டியலில் சேர்ந்தது என்று அவர் விழிப்பார். 'நடந்தது' என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது இது தேவையா என்பது என் கேள்வி. 'நடவடிக்கை எடு' என்பதும் 'டேக் ஆக்ஷன்' என்பதன் சாயல்தான், ஆனால் அது முழுதாக நம்முடையதாகிவிட்டது. இனி அதைத் துரத்த முடியாது.

வால் மாறினால் பொருள் மாறும்

'டேக்'குக்குப் பின்னால் ஒட்டும் ஓஃப், ஓன், இன், ஓவர் போன்ற குட்டிச் சொற்கள்தாம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை அழவைப்பவை. சிலதை வேகமாகப் பார்த்துவிடலாம். கோயில் வாசலில் 'டேக் ஓஃப்' என்றால் செருப்பைக் கழற்று, கட்டுநாயக்கவில் என்றால் விமானம் கிளம்புவது. தோட்டம் ஆட்களை 'டேக் ஓன்' செய்தால் வேலைக்குச் சேர்க்கிறது. தையல்காரர் சட்டையை 'டேக் இன்' செய்தால் பிடித்துத் தைக்கிறார், ஏஜென்ட் உங்களை 'டேக் இன்' செய்தால் ஏமாற்றிவிட்டார். 'ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்' என்பதற்கு அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு என்பதைவிட நல்ல தமிழ் கிடையாது.

'டேக் ஓவர்' மட்டும் நின்று பார்க்க வேண்டியது. பொறுப்பு, நிர்வாகம், உடைமை ஆகிய மூன்றில் எது கைமாறினாலும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடும்.

1. பழைய துரை மாற்றலாகி, புதிய துரை வருகிறார். மாறியது பொறுப்பு.

2. 1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975-இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. மாறியது உடைமை.

3. 1992-இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தன. மாறியது நிர்வாகம். காணி அரசுடையதாகவே இருந்தது.

மூன்றாவதற்கும் ஆங்கிலத்தில் 'டுக் ஓவர்' என்று போடுவதால், கம்பனிகள் தோட்டங்களைச் சொந்தமாகவே வாங்கிவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பதில் தனிவீடு, காணி உறுதி என்று பேச்சு வரும்போது கம்பனியோடு அரசும் மேசைக்கு வர வேண்டியிருப்பது ஏன் என்பது இதனால் பலருக்கு விளங்குவதில்லை.

'டேக் ஹோம்' சம்பளம்

கடைசியாகக் காசு விஷயம். 'டேக் ஹோம் பே' என்பது பிடித்தம் எல்லாம் போக வீட்டுக்குக் கொண்டு போகும் தொகை. முதல் கிளைப் பொருள், சிக்கல் இல்லை. சிக்கல் என்னவென்றால் ஒரே நாட்சம்பளத்தை மூன்று தரப்பும் மூன்று எண்ணாகச் சொல்ல முடியும்.

2024-இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாயை எடுத்துக்கொள்வோம்.

1. அடிப்படை நாட்சம்பளம் 1,350. முழுப்பேர் விழுந்த நாளுக்கு.

2. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்காக 8 வீதம், அதாவது 108 ரூபாய் கழியும். கைக்கு வருவது 1,242. சங்கச் சந்தாவும் முற்பணமும் இருந்தால் இன்னும் குறையும். 'டேக் ஹோம்' என்பது இந்தத் தொகை.

3. அதே நிதிக்குக் கம்பனி தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு தொழிலாளிக்குக் கம்பனியின் நாள் செலவு 1,552.50. பேச்சுவார்த்தையில் கம்பனித் தரப்பு சொல்ல விரும்பும் எண் இது.

25 நாள் வேலை செய்தவருக்கு இரண்டாவது எண் 31,050 ரூபாய், மூன்றாவது 38,812.50. இடையிலுள்ள 7,762.50 ரூபாயில் எதுவும் அந்த மாதம் வீட்டு அடுப்புக்கு வராது. ஆனால் அது காணாமல் போன காசும் அல்ல, தொழிலாளியின் பெயரில் நிதிகளில் ஏறவேண்டிய காசு. ஆகவே ஆங்கிலச் செய்தியில் ஒரு பெரிய எண் கண்ணில் பட்டால், பக்கத்தில் 'பேசிக்' என்று இருக்கிறதா, 'டேக் ஹோம்' என்று இருக்கிறதா, 'டோட்டல்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.